கை நனைக்காமல் எழுந்தவர்

போன மாதம் நாம் ஆறு பேரும் வேன் பிடித்துக் கடலூர் கடற்கரைக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? மீன் சாப்பாட்டுக் கடை வாசலில் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். "ஆறு பேரும் சேந்து ஒக்காரணும்னா லேட்டாகும் மேடம், தனித்தனின்னா இப்பவே எடம் இருக்கு" என்று கடைக்காரர் வந்து சொன்னபோது நான் மட்டும் சிரித்தேன். ஏன் என்று கேட்டீர்கள். வறுவலைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லி முடிக்கக்கூடிய விஷயம் இல்லை அது. என் மகளிடம் ஒருமுறை சொன்னபோது, "ஒரு வாய் சோத்துக்கா இவ்ளோ பிரச்சனை?" என்று கேட்டுவிட்டுப் போனைப் பார்க்கப் போய்விட்டாள். நம் வயதுக்காரர்களுக்குப் புரியும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சிதம்பரத்தில் தெற்கு வீதியை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பாவுக்குப் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை. அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களுடனேயே இருந்தாள். தினமும் பஸ் பிடித்துக் கீரப்பாளையம் போய்ப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவாள். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டுவாள். மணி பார்ப்பதற்கு அவள் கையைத் திருப்பும் விதத்தை நான் கண்ணாடி முன்னால் நின்று பழகிப் பார்த்திருக்கிறேன். அந்தக் கடிகாரம் எங்கே போனது என்று இப்போது அவளுக்கே தெரியாது.

அத்தைக்கு முப்பது ஆகியிருந்தது. நம் காலத்தில் அந்த வயதுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதுவரை ஆறு இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். வருகிறவர்கள் சொஜ்ஜி சாப்பிடுவார்கள், பஜ்ஜி சாப்பிடுவார்கள், காபி குடிப்பார்கள். "சோறு ஆயிருக்கு, ஒரு வாய் சாப்புட்டுப் போலாமே" என்று அம்மா வாய் வார்த்தைக்குக் கேட்பாள். உடனே எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்துவிடுவார்கள். சம்பந்தம் முடிவாகும் முன்னால் பெண் வீட்டாரோடு மாப்பிள்ளை வீட்டார் சோற்றில் கை நனைக்கக் கூடாது. நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். பலகாரம் கணக்கில் வராது, சோறுதான் கணக்கு. இந்தச் சட்டத்தை எழுதியவர் யார் என்று தெரியாது. ஆனால் ஆறு வீட்டுக்காரர்களும் அதைப் பிசகாமல் கடைப்பிடித்து, எங்கள் சொஜ்ஜியை மட்டும் தீர்த்துவிட்டுப் போனார்கள்.

ஏழாவதாக ஒரு இடம் வந்தபோது அத்தை தட்டைத் தூக்க மாட்டேன் என்றுவிட்டாள். "வீட்டுக்கு யாரும் வர வேணாம்ணா. பொது எடத்துல பாக்கட்டும். நானும் பாக்கறேன். இதோட சரி, இதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க." குரல் உயரவில்லை. கரும்பலகையில் விடையை எழுதிவிட்டுச் சுண்ணக்கட்டியை வைப்பது போலச் சொன்னாள். அவள் சொன்னால் சொன்னதுதான் என்று அப்பாவுக்குத் தெரியும். அந்த மாப்பிள்ளையும் தட்டிப் போனால் தங்கைக்குக் கல்யாணமே இல்லை என்ற பயத்தோடுதான் அந்த மே மாதம் அப்பா எங்களைக் கடலூருக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

மஞ்சக்குப்பத்தில் சித்தப்பாவுக்கு அரசாங்கக் குடியிருப்பில் வீடு. சித்தி பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போயிருந்ததால் வீடு எங்கள் கையில் இருந்தது. காலையில் நானும் அம்மாவும் மைதானத்தைச் சுற்றி நடப்போம். மத்தியானம் பனை நுங்கு. சாயங்காலம் கடல். அந்த வாரம் அப்பா எனக்கு மஞ்சள் கண்ணாடி போட்ட ஒரு பிளாஸ்டிக் கூலிங்கிளாஸ் வாங்கிக் கொடுத்தார். அதைப் போட்டால் உலகமே மஞ்சள்காமாலை வந்தது போல இருக்கும். தூங்கும்போதும் கழற்ற மாட்டேன்.

அந்தக் கடையை எங்களுக்குக் காட்டிக்கொடுத்தவர் சித்தப்பாதான். தேவனாம்பட்டினம் கடற்கரையில் மணல் மேலேயே போட்ட நீளக் கீற்றுக் கொட்டகை. உள்ளே நீள நீளமாகப் பலகைகள், இருபக்கமும் பெஞ்சுகள். காலுக்குக் கீழே மணல்தான். செருப்பைக் கழற்றிவிட்டு விரலால் மணலை நோண்டிக்கொண்டே சாப்பிடலாம். கடல் காற்று இலையைத் தூக்கிவிடும் என்பதால், போட்ட உடனே தண்ணீர் டம்ளரைத் தூக்கி இலை மேல் வைத்துவிட வேண்டும். ஒரு வாய்க்கு ஒரு மணல் துகளாவது பல்லில் கடிபடும். வெளியே மூன்று அடுப்புகளில் குழம்பு கொதிக்கும். சங்கரா, வஞ்சிரம், நெத்திலி, எறா என்று தோசைக்கல்லில் எண்ணெய் சீறும் சத்தம் அலைச் சத்தத்தை மீறிக் கேட்கும். மிளகாயும் எண்ணெயும் சேர்ந்த அந்தப் புகை கண்ணில் பட்டால் எரியும், ஆனால் யாரும் முகத்தைத் திருப்ப மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பாண்டிச்சேரியிலிருந்து கூட கார் போட்டுக்கொண்டு வருவார்கள்.

அங்கே இடம் பிடிப்பது ஒரு தனி வித்தை. சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ள வேண்டும். குழம்பில் இருப்பவர் பின்னால் நிற்கக் கூடாது, நேரம் ஆகும். மோருக்கு வந்தவராகப் பார்த்து நிற்க வேண்டும். அவர் விரலைச் சப்பும்போது நாம் பெஞ்சில் ஒரு கையை ஊன்ற வேண்டும். அப்பாவுக்கு இது கடைசி வரை வரவில்லை. அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பது அநாகரிகம் என்று கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் திரும்புவதற்குள் அந்த இடத்தில் வேறு யாராவது சாம்பார் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கடைக்காரம்மா கறுப்பாக, உயரமாக, வெற்றிலை வாயோடு, கையில் ஒரு விசிறியோடு நடுவில் நிற்பாள். பெஞ்சில் ஒரு இடம் காலியானால் அவளால் தாங்க முடியாது. "ஒத்த ஆளு! ஒத்த ஆளுக்கு எடம்!" என்று கத்துவாள். குடும்பமாக வந்தோம், சேர்ந்து உட்கார வேண்டும் என்று யாராவது இழுத்தால், "சேந்து தூங்குங்க வூட்டுல போயி. இங்க சோறுதான்" என்பாள். புருஷன் ஒரு மூலை, பெண்டாட்டி ஒரு மூலை, பிள்ளைகள் ஒரு மூலை என்று பிரித்துப் போட்டுவிடுவாள். உட்கார்ந்த மறு நிமிஷம் இலை, சோறு, குழம்பு, ஒரு துண்டு மீன். வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சே கிடையாது.

இந்தக் கடையில்தான் பெண் பார்க்கலாம் என்று சித்தப்பா ஏற்பாடு செய்தார். "கடைங்கறது யாரு வீடும் இல்லண்ணா. அவுங்க ஒரு ஓரமா ஒக்காந்து சாப்புடப் போறாங்க, நாம ஒரு ஓரமா. பாத்துக்கட்டும். கை நனைக்கற பேச்சே வராது" என்றார். அப்பாவுக்கு அது சரியாகப் பட்டது. அம்மாவுக்கும் பட்டது. கடைக்காரம்மாவின் பழக்கம் தெரிந்த நாலு பேர் இருந்தோம், ஒருத்தருக்கும் அது ஞாபகம் வரவில்லை. பெரியவர்கள் கூடி யோசித்தால் இப்படித்தான் ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்குப் போனோம். அத்தை இளம்பச்சைக் கைத்தறிப் புடவை. பூ வைத்துக்கொள்ளச் சொன்னபோது, "பஸ்ஸுக்கு வெக்கிற அளவுதான் வெப்பேன்" என்று ஒரு விரக்கடை மட்டும் வைத்திருந்தாள். கொட்டகை பிதுங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டில் மூன்று பேர். மாப்பிள்ளை, அவர் அம்மா, அவர் தாய்மாமன். கடலூர் முதுநகர்க்காரர்கள். மாப்பிள்ளைக்குத் தபால் ஆபீசில் வேலை. வெள்ளைச் சட்டை, ஒல்லி உடம்பு, முன்நெற்றியில் வேர்வை. அப்பா இல்லாத வீடு என்பதால் தாய்மாமன் வைத்ததுதான் சட்டம். அவர் மீசையைப் பார்த்தாலே அது தெரிந்தது. நாங்களும் அவர்களும் ஒருவரையொருவர் தெரியாதவர்கள் போலப் பார்த்துவிட்டு, ஆளுக்கு ஒரு முதுகுக்குப் பின்னால் போய் நின்றோம்.

"ஒத்த ஆளு!" என்று கடைக்காரம்மா கத்தினாள். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் தோளைப் பிடித்து அழுத்தினாள். அவர் உட்கார்ந்துவிட்டார். உடனே அவருக்கு எதிரே ஒரு தாத்தா எழுந்தார். "ஏம்மா டீச்சரு, நீ வா" என்று அத்தையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். டீச்சர் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அத்தை எங்கே நின்றாலும் வகுப்பில் நிற்பது போலத்தான் நிற்பாள். சித்தப்பா கையைத் தூக்கி என்னமோ சொல்ல வாயெடுப்பதற்குள் எதிரெதிரே இரண்டு இலை விழுந்தது, சோறு விழுந்தது, குழம்பும் ஆளுக்கு ஒரு வஞ்சிரத் துண்டும் விழுந்தன.

இருவரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை இலேசாகச் சிரித்தார். காற்றில் அத்தையின் இலை நுனி மடங்கப் பார்த்தது. அவர் கையை நீட்டி அவள் டம்ளரை நகர்த்தி நுனி மேல் வைத்தார். அது நன்றாக நினைவிருக்கிறது. அத்தை சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள். அவரும் சோற்றுக்குக் கையைக் கொண்டுபோனார்.

"டேய்! கை நனைக்காத! எந்திரி!"

மூன்று வரிசை தள்ளி நின்ற தாய்மாமன் கத்திய கத்தலில் தோசைக்கல்காரர் கூடத் திரும்பினார். கொட்டகை முழுவதும் திரும்பியது. விஷயம் என்ன என்று எல்லோருக்கும் ஒரே நிமிஷத்தில் புரிந்துவிட்டது. நம் ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் விளக்க வேண்டுமா என்ன? மாப்பிள்ளையின் விரல் சோற்றுக்கு மேலே நின்றது. மாமனைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். பிறகு எழுந்தார். உலர்ந்த கையோடு, யார் முகத்தையும் பார்க்காமல், பெஞ்சைத் தாண்டி வெளியே போனார்.

"யோவ், சோத்தைப் போட்டுட்டனே! இன்னாயா ஆளு நீ!" என்று கடைக்காரம்மா அவர் முதுகைப் பார்த்துக் கத்தினாள். அடுத்த மூச்சில், "ஒத்த ஆளு!" என்று என்னைப் பிடித்து அந்த இடத்தில் உட்காரவைத்துவிட்டாள்.

ஆமாம், மாப்பிள்ளையின் சோற்றை நான்தான் சாப்பிட்டேன். மஞ்சள் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு, எதிரே அத்தையோடு. எனக்கு முழு வஞ்சிரத் துண்டு கிடைத்த சந்தோஷம். அத்தை தலையைக் குனியவில்லை. சுற்றிலும் குசுகுசு. அவள் மெதுவாக, பருக்கை சிந்தாமல் சாப்பிட்டாள். இரண்டாம் முறை சோறு வாங்கினாள். ரசம் வாங்கினாள், மோர் வாங்கினாள். முள்ளை எடுத்து இலை ஓரத்தில் வரிசையாக அடுக்கினாள். "சாப்புடுடி, நல்ல மீனு" என்று என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னாள். ரசத்தைக் கையில் ஏந்தும்போது மட்டும் ரசம் அவள் முழங்கை வரை வழிந்தது. சூடு ஜாஸ்தி போலிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

வெளியே வந்தபோது அப்பா வெயிலில் சாப்பிடாமல் நின்றிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் போய்விட்டிருந்தார்கள். "வெக்கமா இல்ல உனக்கு? அந்த ஆளு எந்திரிச்சுப் போறான், ஊரே பாக்குது, நீ பாட்டுக்கு ரெண்டாஞ்சோறு வாங்கித் திங்கற!" என்றார்.

அத்தை பீப்பாய்த் தண்ணீரில் கை கழுவிக்கொண்டே, "பசிச்சுதுண்ணா" என்றாள்.

அதோடு அப்பா அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். "சொரணை இல்லாத பொம்பள" என்று அம்மாவிடம் சொன்னதை நானே கேட்டேன். நானும் கொஞ்சம் அப்படித்தான் நினைத்தேன். எனக்கு நாற்பது வயதாகி, வேறொரு இடத்தில், வேறொரு காரியத்துக்காகப் பத்துப் பேர் முன்னால் தலைகுனிந்து எழுந்து போக வேண்டி வந்தபோதுதான் அத்தை அன்று செய்தது எனக்கு விளங்கியது. அவள் எழுந்திருந்தால், வேண்டாம் என்று விடப்பட்ட பெண் அழுதுகொண்டு ஓடியதாகக் கடலூர் முழுவதும் பேசியிருக்கும். எழவில்லை என்பதால் அவள் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்ட ஒரு பெண், அவ்வளவுதான். அந்த ரெண்டாம் சோறு அவள் தொண்டையில் எப்படி இறங்கியதோ! என் அப்பா நல்லவர், தங்கை மேல் உயிராக இருந்தவர். ஆனால் அவர் அன்று பார்த்தது இலையை மட்டும்தான்.

திங்கள்கிழமை தரகர் வந்து, "பொண்ணுக்குக் கூச்சமே இல்லன்னு அந்த மாமன் சொல்றாரு, ஒத்துவராதாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தை சித்தியின் தையல் மிஷினில் உட்கார்ந்து வீட்டிலிருந்த அத்தனை தலையணைக்கும் உறை தைத்தாள். செவ்வாய், புதன் இரண்டு நாளும் வீட்டில் அந்த மிஷின் சத்தம் மட்டும்தான்.

வியாழக்கிழமை மத்தியானம். சித்தப்பாவுக்கு ஆபீசுக்குச் சாப்பாட்டுக் கேரியரைக் கொடுக்க அப்பா போயிருந்தார். நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டு முடித்திருந்தோம். வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை. தனியாக. அதே மாதிரி வெள்ளைச் சட்டை, முதுகெல்லாம் நனைந்திருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு நிலைப்படிக்குள் வந்து நின்றார்.

அம்மா பதறிப்போய், "வாங்க, வாங்க... அவரு இல்லீங்களே. தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள்.

"வேணாங்க. சோறு இருந்தா போடுங்க. சாப்புடலாம்னு வந்தேன்."

ஆறு வீட்டுக்காரர்களிடம் அம்மா கேட்டும் ஒருத்தரும் சாப்பிடவில்லை. இப்போது ஒருவர் தானாக வந்து சோறு கேட்கிறார். உள்ளேயிருந்து தையல் மிஷின் நின்றது.

"சோறு தீந்துபோச்சுங்க" என்றது அத்தையின் குரல்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பானையில் இரண்டு பேருக்குச் சோறு இருந்தது. நான் வாயைத் திறந்தேன், அம்மா என் தொடையைக் கிள்ளினாள். மாப்பிள்ளை வெளியே கிடந்த செருப்பைப் பார்த்தார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் சுவரோரம் இருந்த மடக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப ஒலை வையுங்க. நான் ஒக்காந்திருக்கேன்."

சமையலறையில் அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "பைத்தியமா உனக்கு? பானையில சோறு இருக்குதே!"

"இருக்கட்டும் அண்ணி. ஒரு தரம் எந்திரிச்சுப் போன ஆளு. இப்ப ஒக்காருவாரான்னு பாக்கணும்."

அரிசியை முறத்தில் கொட்டி ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கினாள். நாலு தண்ணீர் கழுவினாள். ஸ்டவ்வுக்குக் காற்றடித்துத் தீயைச் சின்னதாக வைத்தாள். அவ்வளவு நிதானமாக உலை வைத்தவர்களை நான் பிறகு பார்க்கவில்லை. நடுநடுவே என்னை அனுப்பினாள். நான் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

"ஒக்காந்திருக்காரா?"

"ஒக்காந்திருக்காரு."

மூன்றாவது தடவை போனபோது அவர் என்னைக் கூப்பிட்டார். "அன்னைக்கு என் எலையில சாப்புட்டது நீதானே? மீனு எப்படி இருந்துச்சு?"

அவர் முகத்தைப் பார்த்துப் பாவமாக இருந்தது. "உப்பு ஜாஸ்தி மாமா" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்தார். "எங்க மாமாகிட்ட நேத்து சொல்லிட்டேன். பசியோட எந்திரிச்சு வந்தவன் நானு, எங்க சாப்புடணும்னு எனக்குத் தெரியும்னு" என்று சொன்னார். ஒன்பது வயதுக் குழந்தையிடம் ஏன் சொன்னார் என்று இப்போது தெரிகிறது. சமையலறைக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு துணித் திரைதான் இருந்தது.

அத்தை வடித்த சோற்றை எடுத்து வந்து இலை போட்டாள். காலையில் வைத்த கத்திரிக்காய்க் குழம்பு, அப்பளம். அவ்வளவுதான். அவர் கையைக் கழுவி, இலையில் தண்ணீர் தெளித்து, சோற்றில் கையை வைத்தார். மணிக்கட்டு வரை வைத்தார் என்றே சொல்ல வேண்டும். அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் அப்பா காலி கேரியரோடு வாசலில் வந்து நின்றார். சைக்கிளைப் பார்த்திருப்பார், செருப்பைப் பார்த்திருப்பார். உள்ளே மாப்பிள்ளையின் கை நிறையச் சோறு. மாப்பிள்ளை எழப் பார்த்தார். "ஒக்காருங்க, ஒக்காருங்க! எந்திரிக்காதீங்க!" என்று அப்பா போட்ட சத்தத்தில் கேரியர் கீழே விழுந்து அடுக்குகள் நாலு பக்கம் உருண்டன. அவர் அதை எடுக்கவில்லை. இலையைப் பார்த்தார், பிறகு நாலு நாளாகப் பார்க்காத தங்கையின் முகத்தைப் பார்த்தார்.

"எலையில குழம்பு பத்தல பாரு. ஊத்தும்மா" என்றார்.

தட்டு தூக்கிய ஆறு முறையும் அழாதவள், கொட்டகையே வேடிக்கை பார்த்தபோதும் அழாதவள், குழம்புச் சட்டியை எடுக்க உள்ளே போய் அடுப்படியில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். குழம்பை நான்தான் கொண்டுபோய் ஊற்றினேன்.